எதுவரை வகுத்துப் பார்ப்பது?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மாதிரித் தேர்வில் 397, 437, 1147, அப்புறம் ஓர் இரட்டைப்படை எண், இவற்றில் பகா எண் எது என்று கேள்வி. இரட்டைப்படையை உடனே தள்ளிவிட்டார். மற்ற மூன்றும் பகா எண் மாதிரியே தெரிந்ததாம். 437-ஐக் குறித்துவிட்டு மதிப்பெண்ணை இழந்திருக்கிறார். "2, 3, 5, 7, 11 எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தேன், எதிலும் போகவில்லை. இன்னும் எத்தனை எண்ணால்தான் வகுப்பது? குறுக்குவழி இல்லையா? எத்தனை காரணிகள் என்று கேட்டாலும் இப்படித்தான் தடுமாறுகிறேன்" என்று முடித்திருக்கிறார்.

பகா எண் என்றால் என்ன என்பது இவருக்குத் தெரியும். வகுக்கவும் தெரியும். வகுப்பதை எங்கே நிறுத்தலாம் என்பதுதான் தெரியவில்லை. சீக்கிரம் நிறுத்தினால் விடை தப்பு, நிறுத்தாமல் போனால் நேரம் போய்விடும். 200 கேள்விக்கு 3 மணி நேரம் என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவன். எண்ணியலில் ஆராய்ச்சி செய்தவன் இல்லை. அதனால் நான்கு, ஐந்து இலக்க எண்களைப் பற்றி என் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன். பெரிய எண்களைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதைக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் இந்தப் பாடத்தைப் புளியங்கொட்டையில்தான் ஆரம்பிப்பேன். ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்து, தரையில் வரிசை வரிசையாக அடுக்கச் சொல்வேன். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். 12 கொட்டை வைத்திருப்பவன் 3 வரிசை, வரிசைக்கு 4 என்று அடுக்குவான். பக்கத்தில் இருப்பவள் 2 வரிசை, வரிசைக்கு 6 என்பாள். 13 கொட்டை கிடைத்தவன் எப்படி அடுக்கினாலும் ஒன்றாவது வெளியே நிற்கும். ஒருமுறை ஒரு பையன், "சார், எனக்கு ஒண்ணு கூடுதலா வந்திருச்சு" என்று அந்த ஒரு கொட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். பகா எண்ணுக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே நீள வரிசையைத் தவிர வேறு எந்தச் செவ்வகமாகவும் அடுக்க முடியாத எண்ணே பகா எண். அடுக்க முடிந்தால் பகு எண். வரிசைகளின் எண்ணிக்கையும் வரிசைக்குள் இருக்கும் எண்ணிக்கையும் காரணிகள். இலங்கைப் பாடநூல்களில் இதையே முதன்மை எண் என்பார்கள், பெயர்தான் வேறு.

உங்கள் கேள்விக்கான விடையும் இந்தக் கொட்டைகளிலேயே இருக்கிறது. 36 கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1 வரிசை 36, 2 வரிசை 18, 3 வரிசை 12, 4 வரிசை 9, 6 வரிசை 6. அடுத்து 9 வரிசை 4. ஆனால் இது புதிதில்லை; 4 வரிசை 9-ஐ நீங்கள் வேறு பக்கம் உட்கார்ந்து பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். 6-க்கு மேல் போனால் வருவதெல்லாம் ஏற்கெனவே பார்த்த அடுக்குகளே. காரணிகள் எப்போதும் ஜோடியாக வரும். ஜோடியில் ஒன்று வர்க்கமூலத்துக்கு மேல் இருந்தால் மற்றது கீழே இருந்தாக வேண்டும். இரண்டுமே மேலே இருந்தால் பெருக்கல் பலன் அந்த எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே வர்க்கமூலம் வரைக்கும் ஒரு காரணியும் கிடைக்கவில்லை என்றால் அதற்கு மேலும் கிடைக்காது. அங்கே நிறுத்தலாம். இது நிரூபிக்கப்பட்ட விஷயம். தேர்வு அறையில் சந்தேகப்பட வேண்டியதில்லை.

437-க்கு வர்க்கமூலம் எவ்வளவு? 20-இன் வர்க்கம் 400, 21-இன் வர்க்கம் 441. எனவே 20 வரைக்கும் பார்க்க வேண்டும். நீங்கள் 11-இல் நின்றுவிட்டீர்கள். இன்னும் 13, 17, 19 மூன்றுதான் பாக்கி. அந்தக் கடைசி 19-இல்தான் 437 உடைகிறது: 19 × 23.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. கொரோனா காலம், பள்ளி மூடியிருந்தது, வகுப்பெல்லாம் கைபேசியில். 2021 ஜனவரி முதல் தேதி பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவி, "சார், புது வருஷம் பகா எண்ணா?" என்று கேட்டாள். நான் டீ குடித்துக்கொண்டே செய்தித்தாள் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். 7, 11, 13 என்று ஆரம்பித்து 41 வரைக்கும் வந்தாயிற்று, எதிலும் போகவில்லை. "ஆமாம், பகா எண்" என்று பதில் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் அவளே, "சார், 43 × 47" என்று அனுப்பினாள். 45-இன் வர்க்கம் 2025 என்பது எனக்குத் தெரியாதா என்ன? 44 வரை பார்க்க வேண்டும், பாக்கி இருந்தது 43 ஒன்றுதான். கடைசிப் படியில் கால் இடறியது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: வகுக்க ஆரம்பிக்கும் முன்பே எந்த எண் வரை என்று ஓரமாக எழுதிவிடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அலுப்பு வந்து முன்னாலேயே நிறுத்திவிடுவோம்.

சரி, வர்க்கமூலம் வரை எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டுமா? வேண்டாம், பகா எண்களால் மட்டும் போதும். ஓர் எண் 15-ஆல் வகுபட்டால் 3-ஆல் ஏற்கெனவே வகுபட்டிருக்கும். 3 இல்லை என்று முடிவான பிறகு 9, 15, 21 எதையும் தொட வேண்டியதில்லை. வகுப்பில் 221-ஐக் கொடுத்தால் 9-ஆல் வகுத்துப் பார்க்கும் பிள்ளைகள் வருடத்துக்கு நான்கு பேராவது இருப்பார்கள். 3-ஆல் போகவில்லை என்று மேல் வரியில் அவர்களே எழுதியிருப்பார்கள்.

இப்போது ஒரு நல்ல செய்தி. 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31. இந்தப் பதினொரு பகா எண்களும் மனதில் இருந்தால் எந்த எண் வரை போகலாம் தெரியுமா? அடுத்த பகா எண் 37, அதன் வர்க்கம் 1369. ஆக 1368 வரையிலான எந்த எண்ணையும் இந்தப் பதினொன்றை வைத்தே தீர்த்துவிடலாம். போட்டித் தேர்வில் வருகிற பகா எண் கேள்விகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். உங்கள் 397-ஐப் பாருங்கள். 20-இன் வர்க்கம் 400, ஆகவே 19 வரை. ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களின் கூடுதல் 19, அதனால் 3 இல்லை. 7-க்கு 392 போக மீதி 5. 11-க்கு 396 போக 1. 13-க்கு 390 போக 7. 17-க்கு 391 போக 6. 19-க்கு 380 போக 17. முடிந்தது, 397 பகா எண். பழகிவிட்டால் அரை நிமிட வேலை.

இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த விதி மறக்காது. ஒரு நூறு ரூபாய்த் தாளை 9 பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்: ஆளுக்கு 11, மீதி 1 ரூபாய். பத்து ரூபாய்த் தாளைப் பிரித்தால் ஆளுக்கு 1, மீதி 1. இரண்டில் எந்தத் தாளைப் பிரித்தாலும் தாளுக்கு ஒரு ரூபாய்தான் மீதி. 437 ரூபாய் என்றால் நான்கு நூறுக்கு 4, மூன்று பத்துக்கு 3, சில்லறை 7. மொத்தம் 14 ரூபாய் கையில் நிற்கிறது. அதிலும் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் மீதி 5. ஆக 437-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 5. 3 பேருக்குப் பிரித்தாலும் இதே கதைதான். 11-க்கு வந்தால் பத்து ரூபாய்த் தாள் ஒரு ரூபாய் குறைகிறது, நூறு ரூபாய்த் தாள் ஒரு ரூபாய் மிஞ்சுகிறது. அதனால்தான் அங்கே ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்கிறோம்.

7-க்கு ஒரு விதி இருக்கிறது: கடைசி இலக்கத்தை இரண்டால் பெருக்கி மிச்ச எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். சரியான விதிதான், ஆனால் மூன்று இலக்க எண்ணுக்கு நேராக வகுத்துவிடுவதே வேகம் என்பது என் அபிப்பிராயம். 13-க்கும் 17-க்கும் 19-க்கும் யூடியூபில் தனித்தனி வித்தைகள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவற்றை மனப்பாடம் செய்கிற நேரத்தில் 13, 17, 19 வாய்ப்பாடுகளை மனப்பாடம் செய்துவிடலாம். வித்தைகளைக் குழப்பிக்கொள்ளும் மாணவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வாய்ப்பாடு யாரையும் குழப்பியதில்லை.

ஒரே ஒரு வித்தைக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன். 7 × 11 × 13 = 1001. இதனால் பெரிய எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால், வருகிற சின்ன எண்ணே 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிடும். 65,429 என்று வைத்துக்கொள்ளுங்கள். 429-இலிருந்து 65 போனால் 364. 364 என்பது 7 × 52, அதாவது 7 × 4 × 13. எனவே 65,429 என்பது 7-ஆலும் வகுபடும், 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. வகுத்துப் பார்த்தால் 7 × 13 × 719. இந்த 719 மேலும் உடையுமா? 27-இன் வர்க்கம் 729, எனவே 23 வரை பார்க்க வேண்டும். பார்த்தால் உடையாது.

ஏமாற்றுகிற எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 100-க்குள் 25 பகா எண்கள். 2, 3, 5-ஆல் வகுபடாமலும் பகா எண்ணாக இல்லாமலும் 100-க்குள் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 49, 77, 91. மூன்றே மூன்று. 49-உம் 77-உம் வாய்ப்பாட்டில் வந்துவிடும். மிச்சம் 91 ஒன்றுதான், 7 × 13. 51, 57, 87 ஆகியவையும் பகா எண் வேஷம் போடும், ஆனால் இலக்கத்தைக் கூட்டினால் வேஷம் கலைந்துவிடும். 100-இலிருந்து 200 வரை இப்படி ஏழு: 119, 121, 133, 143, 161, 169, 187. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இந்தப் பட்டியலிலிருந்துதான் எடுப்பார்கள். நானே அப்படித்தான் எடுத்திருக்கிறேன். 200-க்கு மேல் போனால் 221, 247, 299, 323, 391, 437 ஆகியவை வாத்தியார்களுக்குப் பிடித்தவை. எல்லாம் 13, 17, 19, 23-ஐ ஒன்றோடொன்று பெருக்கியவை.

அப்படிப் பக்கத்துப் பக்கத்து எண்களைப் பெருக்கி வருகிறவற்றுக்கு வேறொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 437-க்குச் சற்று மேலே இருக்கும் வர்க்க எண் 441. 441-இலிருந்து 437 போனால் 4, அதுவும் வர்க்க எண். ஆக 437 என்பது 21-இன் வர்க்கத்திலிருந்து 2-இன் வர்க்கத்தைக் கழித்தது. எட்டாம் வகுப்பு முற்றொருமைப்படி (21 − 2) × (21 + 2), அதாவது 19 × 23. ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை. என்னைக் கவிழ்த்த 2021-உம் இப்படித்தான்: 2025-இலிருந்து 4 போனது, (45 − 2) × (45 + 2). இந்த வழியைப் பிரெஞ்சுக்காரர் பெர்மா 17-ஆம் நூற்றாண்டில் காட்டினார். அவர் தொழிலில் சட்டம் பார்த்தவர், கணக்கு பொழுதுபோக்கு. அவர் எடுத்துக்காட்டாகக் கொடுத்த எண் 2,027,651,281. வர்க்கமூலம் 45,029-க்குச் சற்று மேல். 45,030-இலிருந்து ஒவ்வொன்றாக வர்க்கம் எடுத்துக் கழித்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது தடவை, 45,041-இல், மீதி 1020-இன் வர்க்கமாக வந்து நிற்கும். விடை 44,021 × 46,061. பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்திருந்தால் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் ஆகியிருக்கும்.

ஆனால் இது எல்லா இடத்திலும் கை கொடுக்காது. இரண்டு காரணிகளும் நெருக்கமாக இருந்தால்தான் வேகம். 1219-ஐ எடுத்தால் 35, 36, 37 மூன்றும் தவறி, 38-இல்தான் மீதி 225 என்று கிடைக்கும்: 23 × 53. காரணிகள் இன்னும் விலகியிருந்தால் படிகள் கூடிக்கொண்டே போகும். பகா எண்ணாகவே இருந்துவிட்டால் உங்களை இழுத்தடித்துவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று வர்க்கங்களுக்கு மட்டும் முயன்று பாருங்கள், கிடைக்காவிட்டால் வகுத்தலுக்குத் திரும்பிவிடுங்கள். மீதி 2, 3, 7, 8-இல் முடிந்தால் அது வர்க்க எண்ணே இல்லை, உடனே தள்ளிவிடலாம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. "6-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 5 வந்தால் பகா எண்" என்று ஒரு சூத்திரம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. 2, 3 தவிர்த்த எல்லாப் பகா எண்களுக்கும் மீதி 1 அல்லது 5 வரும், அது நிச்சயம். ஆனால் அப்படி மீதி வருகிறதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 25, 35, 49, 55 எல்லாம் அப்படித்தான் வருகின்றன. உங்கள் 437-க்கும் மீதி 5 தான். மதுரைக்காரர் எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் தமிழ்நாட்டுக்காரர் எல்லாரும் மதுரைக்காரர் ஆகிவிடுவார்களா? ஓர் எண்ணைத் தள்ளுவதற்கு இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள், ஏற்பதற்கு வேண்டாம். அதேபோல் 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. அதையும் சேர்த்துக்கொண்டால் ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதும் வழி ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாமல் போய்விடும். வேண்டிய மட்டும் 1-ஐப் பெருக்கிக்கொண்டே போகலாமே.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, காரணிகளின் எண்ணிக்கை. 360-ஐ எடுத்துக்கொள்வோம். பகா காரணிப்படுத்தினால் 2 மூன்று தடவை, 3 இரண்டு தடவை, 5 ஒரு தடவை. 360-இன் ஏதாவது ஒரு காரணியை நீங்கள் உருவாக்க வேண்டும் என்றால் இந்தப் பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2-ஐ எடுக்காமலே இருக்கலாம், ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம்: நான்கு வழி. 3-க்கு மூன்று வழி. 5-க்கு இரண்டு வழி. 4 × 3 × 2 = 24 காரணிகள். எதையுமே எடுக்காவிட்டால் கிடைப்பது 1, எல்லாவற்றையும் எடுத்தால் 360. இரண்டும் இந்த 24-க்குள் அடக்கம். "அடுக்கோடு ஒன்று கூட்டிப் பெருக்கு" என்ற சூத்திரத்தில் அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. எடுக்காமல் விடுகிற வழிதான் அந்த ஒன்று. கேள்வியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். 360-க்கு வெவ்வேறு பகா காரணிகள் 3, காரணிகள் 24. இரண்டுமே விடைகளில் இருக்கும், ஆத்திரத்தில் மாற்றிக் குறித்துவிடுவோம்.

காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் அது வர்க்க எண். 36-இல் பார்த்தோமே, 6-க்கு ஜோடியும் 6 தான். அப்புறம், தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைவிடவும் அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் என்று ஒரு ஜாதி உண்டு: 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று போகும். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை இவற்றைப் பற்றியதுதான். கையாலேயே கணக்கிட்டு 13 இலக்க எண்கள் வரை பட்டியல் போட்டிருந்தார். அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுவிட்டது. 43-ஐ விட்டதற்காக என் மேல் எனக்கு இருந்த கோபம் இதைப் படித்தபோது பாதி குறைந்தது.

மடங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரணிகள் எண்ணி முடிக்கக்கூடியவை, மடங்குகள் முடிவில்லாமல் போகும். 1 முதல் 1000 வரை 7-இன் மடங்குகள் எத்தனை என்றால் 1000-ஐ 7-ஆல் வகுத்த ஈவு, 142. 100-க்குள் 3-ஆலோ 5-ஆலோ வகுபடுபவை எத்தனை என்றால் 33-உம் 20-உம் கூட்டி, இரண்டு தடவை எண்ணப்பட்ட 15-இன் மடங்குகள் ஆறைக் கழித்து, 47.

ஆனால் மீப்பெரு பொதுக் காரணிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் தேவையில்லாமல் காரணிப்படுத்துகிறார்கள். 8051, 8633 இரண்டுக்கும் மீ.பெ.கா கேட்டால் இரண்டையும் உடைக்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். யூக்ளிட் சொன்ன வழியில் போங்கள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 582. 8051-ஐ 582-ஆல் வகுத்தால் மீதி 485. 582-ஐ 485-ஆல் வகுத்தால் மீதி 97. 485-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 97. இரண்டாயிரத்து முந்நூறு வருடப் பழைய வழி, இன்றைய கணினிகளுக்கும் இதுதான் அடிப்படை. இதில் ஓர் உபரி லாபமும் இருக்கிறது: காரணி கேட்காமலே இரண்டு எண்ணும் உடைந்துவிட்டன. 8051 = 83 × 97, 8633 = 89 × 97. இரண்டு எண்களின் பெருக்கல் பலனை 97-ஆல் வகுத்தால் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம).

இவ்வளவும் கையால் செய்யக்கூடிய எண்களுக்கு. ஆறு, ஏழு இலக்கம் தாண்டினால் வகுத்துப் பார்ப்பதே ஒரு தண்டனை. 300 இலக்க எண்ணை அப்படி வகுக்க எந்தக் கணினியாலும் முடியாது. அங்கே விளையாட்டே வேறு: காரணியைக் கண்டுபிடிக்காமலே ஓர் எண் பகு எண் என்று காட்டிவிட முடியும். பெர்மாவின் இன்னொரு விதி அதற்கு உதவுகிறது. பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1 (2-க்கு மட்டும் பொருந்தாது). 7-க்குப் பாருங்கள்: 2-ஐ ஆறு தடவை பெருக்கினால் 64, 7-ஆல் வகுத்தால் மீதி 1. மீதி வேறு ஏதாவது வந்தால் அந்த எண் பகு எண், சந்தேகமே இல்லை. மீதி 1 வந்தால் மட்டும் உறுதி சொல்ல முடியாது. 341 இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் அது 11 × 31. 2-க்குப் பதில் வேறு எண்ணை வைத்துச் சோதித்தாலும் ஏமாற்றுகிறவை சில உண்டு. அவற்றில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த எண்: 1729. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி ராமானுஜனைப் பார்க்க வந்த டாக்ஸியின் எண், ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 7 × 13 × 19. இந்த மூன்றாலும் வகுபடாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பகா எண் மாதிரியே மீதி 1 காட்டும்.

அதனால் நடைமுறையில் கணினிகள் இதைவிடக் கறாரான மில்லர்–ராபின் சோதனையை ஓட்டுகின்றன. அதில் ஒரு பகு எண் ஒரு தடவை தப்பிக்க அதிகபட்சம் நான்கில் ஒரு வாய்ப்பு. வேறு வேறு எண்களை வைத்து இருபது தடவை சோதித்தால் எல்லாவற்றிலும் தப்பிக்கிற வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். நிரூபணம் இல்லைதான், ஆனால் வேலைக்குப் போதும். நிரூபணத்தோடு, நியாயமான நேரத்துக்குள் சொல்லும் வழி உண்டா என்ற கேள்வி வெகுகாலம் கிடந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் உண்டு என்று காட்டினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. என்றாலும் வேகம் என்று வந்தால் இன்றும் பழைய சோதனையே முந்துகிறது.

ஓர் எண் பகு எண் என்று தெரிந்துகொள்வது ஒரு வேலை, அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு வேலை. 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 21 இலக்க எண் வரும். அது பகா எண் என்று மெர்சென் 1644-இல் எழுதினார். இல்லை, பகு எண் என்று லூக்கா 1876-இல் காட்டினார், ஆனால் அவர் கையில் காரணி எதுவும் இல்லை. 1903-இல் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் பிராங்க் கோல் அதை உடைத்துக் காட்டினார்: 193,707,721 × 761,838,257,287. அவர் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்றும், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று சொன்னார் என்றும் கதை உண்டு. கதை பிற்பாடு எழுதப்பட்டது, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெருக்கலை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1977-இல் உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்ற சங்கேத முறை இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைத் திரும்ப உடைப்பது கஷ்டம். சவாலாக வைக்கப்பட்ட 250 இலக்க எண் ஒன்றை 2020-இல்தான் உடைத்தார்கள், அதுவும் ஏராளமான கணினிகளை ஒன்றாக ஓட்டி. ஆனால் 'கஷ்டம்' என்கிறோமே, அது இன்றுவரை யாரும் நிரூபித்ததல்ல. சுலபமான வழி சாதாரணக் கணினிக்கு யாருக்கும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். குவாண்டம் கணினி போதுமான அளவில் வந்துவிட்டால் அதற்கான வழியைப் பீட்டர் ஷோர் 1994-லேயே எழுதி வைத்துவிட்டார்.

தேர்வுக்குத் திரும்பலாம். உங்கள் மூன்று எண்களில் 397 பகா எண் என்று பார்த்துவிட்டோம், 437-ஐ உடைத்துவிட்டோம். 1147-ஐ மட்டும் நான் தொடவில்லை. பதினொரு எண்களாலும் வகுத்துப் பார்த்தால் கடைசி எண்ணில்தான் சிக்கும், அதற்குள் உங்கள் 54 விநாடி போய்விடும். வேறு வழியில் பாருங்கள்: 34-இன் வர்க்கம் 1156.